கே வரிசையில் இல்லாத கீரை

பதினான்கு வினாடி. மூன்றாவது தடவையும் பதினான்குதான். நான் என்ன செய்ய முடியும்? இரத்தத்தின் காதைத் திருகி, "மெதுவா உறைஞ்சு தொலை" என்று சொல்லவா முடியும்?

அது 1984. பினாங் ரோட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு தனியார் பரிசோதனைக்கூடத்தில், இரத்தம் உறையும் நேரம் பார்க்கும் மேசையில் நான் உட்கார்ந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. இப்போதுபோல் பொத்தானை அமுக்கினால் எண்ணைத் துப்பும் இயந்திரம் எங்களிடம் இல்லை. முப்பத்தேழு டிகிரி வெந்நீர்த் தொட்டியில் கண்ணாடிக் குழாயை வைத்து, மருந்தை விட்டு, ஒரு கையால் ஸ்டாப்வாட்சை அமுக்கி, மறு கையால் குழாயைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். உள்ளே நூல் மாதிரி ஒன்று திரண்டதும் கடிகாரத்தை நிறுத்த வேண்டும். சும்மா இருக்கிற ஆளுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வினாடி வரும். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இருபத்தைந்துக்குப் பக்கத்தில் வர வேண்டும்.

ஏரம்பமூர்த்தி அங்கிளுக்கு வரவில்லை. அவர் யாழ்ப்பாணக் குடும்பத்து மனிதர். ஆயர் ஈத்தாமில் வீடு. ஓர் அரசாங்க அலுவலகத்தின் கோப்பு அறையில் முப்பத்தொரு வருஷம் இருந்து, தலைமைக் குமாஸ்தாவாக ஓய்வுபெற்றவர். காலில் இரத்தம் கட்டிக்கொண்டது. அது நகர்ந்து நெஞ்சுக்குப் போய்விடுமோ என்று பயந்து டாக்டர் ஆனந்தராஜா மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒரு மாத்திரை ஒன்றரை ஆனது, இரண்டானது, மூன்றும் ஆனது. இரத்தம் மட்டும் பதின்மூன்று, பதினான்கு என்று அடம்பிடித்தது.

டாக்டர் போன் பண்ணினார்.

"ஹமீதா, நீங்க கடிகாரத்தப் பாக்கிறீங்களா, இல்ல சன்னல் வழியா ரோட்டப் பாக்கிறீங்களா?"

எனக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் எரிந்தது. "ரெண்டு குழாய்ல பாத்தேன் டாக்டர். ரெண்டும் பதினாலு. வேணும்னா நீங்களே வந்து குழாயப் புடிங்க" என்றேன்.

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுதான். சொல்லிவிட்டேன். அரை மணி நேரத்தில் முதலாளி கனி நானா என் மேசைக்கு முன்னால் நின்றார். முகம்மது கனி என்று பெயர்ப்பலகையில் இருக்கும்; கடலூரிலிருந்து வந்தவர் பேரன்; கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அன்றைக்கு இரண்டு தடவை துடைத்தார்.

"டாக்டர் ஆனந்தராஜா போயிட்டா பாதிக் கடை போச்சு. மாசக் கடைசி வரைக்கும் டைம் தர்றேன். அந்த ஆளுக்கு ஏன் இப்படி வருதுன்னு காட்டு. காட்ட முடியலன்னா எந்திரிச்சிடு. பட்டர்வொர்த்ல ஒரு ஆளப் பேசி வச்சிருக்கேன்."

பதினோரு வருஷத்துக்கு இதுதான் மரியாதை! வீட்டில் உம்மாவுக்கு மருந்துச் செலவு, எனக்கோ முப்பத்தைந்து வயது. கையில் இருக்கிற ஒரே வித்தை இந்தக் குழாய் சாய்க்கிறதுதான். அழுகை வந்தது. அழவில்லை. கழிவறைக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நின்று கனி நானாவை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வந்தேன்.

அப்புறம் யோசித்தேன். என் கடிகாரம் சரி என்றால் மிச்சம் இரண்டே வழிதான். ஒன்று, மனிதர் மாத்திரையை விழுங்கவில்லை. இல்லாவிட்டால் மாத்திரைக்கு எதிரியை விழுங்குகிறார். எதிரியின் பெயர் வைட்டமின் கே. இரத்தம் உறைவதற்கு அதுதான் வேண்டும். வார்ஃபரின் அதை வேலை செய்யவிடாமல் மடக்குகிற சாமான். கே மேலே மேலே வந்து விழுந்தால் மாத்திரையால் மடக்க முடியாது.

மாத்திரையைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் அவர் மனைவி கமலாம்பிகை ஆன்டியிடம் போனில் கேட்டேன். அவருக்கு வந்ததே கோபம்.

"என்ன கதை கதைக்கிறீர் பிள்ளை? நான்தான் கையில குடுக்கிறன். விழுங்கினாப் பிறகு வாயத் திறக்கச் சொல்லி நாக்குக்குக் கீழ டோர்ச் அடிச்சுப் பாக்கிறன். கே சாப்பாடு ஒண்டும் இந்த வீட்டுக்குள்ள வாறதே இல்லை. அவர் விடமாட்டார்!"

அப்படியென்றால் திருட்டுத்தனமாக ஏதோ சத்து மாத்திரை, டானிக் சாப்பிடுகிறார் என்று நினைத்தேன். வாயால் பொய் சொல்லலாம். மூத்திரத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கூச்சப்படுகிறவர்கள் காதைப் பொத்திக்கொள்ளலாம். கே என்பது ஒரே ஆள் இல்லை. கே ஒன்று கீரையில் இருப்பது. அதற்குப் பல்லிக்கு இருப்பதுபோல் நீளமான வால். கே இரண்டு நம் குடலில் வாடகை கொடுக்காமல் குடியிருக்கும் கிருமிகள் செய்வது. அதற்கும் வால் உண்டு. கே மூன்று மனிதன் செய்த சரக்கு, அது மொட்டை. வால் உள்ளதை உடம்பு அப்படியே வெளியே விடாது. ஈரல் முதலில் வாலை நறுக்கும். மிச்சத்தோடு ஒருவகைச் சர்க்கரை அமிலத்தை ஒட்டும். அதற்குப் பிறகுதான் வழியனுப்பும். கே ஒன்றில் பெரிய பங்கு பித்தத்தோடு குடலுக்கு இறங்கி மலத்தில் போய்விடும். ஐந்தில் ஒரு பங்குதான் சிறுநீரில் வரும். மொட்டைக்கு நறுக்க வால் ஏது? ஒட்ட வேண்டியதை ஒட்டிக்கொண்டு, ஒரே நாளில் பெரும்பகுதி சிறுநீரிலேயே ஓடிவிடும். ஆகவே டானிக்கா, கீரையா என்று ஒரு நாள் மூத்திரத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எங்கள் கடையில் அதைப் பார்க்கும் வசதி இல்லை. என் சாச்சி மகள் சலேஹா கெலுகோர் பக்கம் யூனிவர்சிட்டியில் வேலை பார்த்தாள். அங்கே புதிதாக ஓர் இயந்திரம் வந்திருந்தது. எதைக் கொடுத்தாலும் பிரித்துக் காகிதத்தில் மேடு மேடாகப் படம் போடும். "கொண்டா லா. எங்க புரொபசருக்கும் கே மேல ஒரு கண்ணு" என்றாள்.

ஏரம்பமூர்த்தி அங்கிளைக் கூப்பிட்டுச் சொன்னேன். இருபத்து நான்கு மணி நேரத்து நீர் வேண்டும், ஒரு சொட்டு விடக் கூடாது என்றேன். அவர் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். ஏன், எதற்கு என்று கேட்டார். நானும் முட்டாள்தனமாக மேலே சொன்ன கதை முழுவதையும் அவரிடம் சொன்னேன்.

"அப்ப பெரிய பங்கு மற்றப் பக்கத்தால போகுதோ?"

"ஆமா அங்கிள். ஆனா எனக்கு நீர் மட்டும் போதும்."

"ம்" என்றார். அந்த 'ம்'-மை நான் கவனித்திருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்துக் காலை பத்து மணிக்கு அவர் ஆயர் ஈத்தாம் பஸ்ஸில் ஒரு பிரம்புக் கூடையோடு வந்து இறங்கினார். கூடைக்குள் ஆறு ரோஸ் சிரப் போத்தல்கள். ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டி, தேதி, மணி, நிமிஷம், வரிசை எண், கையெழுத்து. எல்லாவற்றையும் ஒரே போத்தலில் ஊற்றச் சொன்னேனே என்றால், "ரெண்டு கோப்பைக் கலக்கிறது எங்கட வழக்கமில்லை" என்றார். பஸ்ஸில் கண்டக்டர் என்ன சாமான் என்று கேட்டாராம். "இரகசிய ஆவணம்" என்று சொன்னாராம்.

நான் போத்தல்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். கனி நானா தினமும் பத்து மணிக்கு வெந்நீரில் மைலோ மாவு கலந்து குடிப்பார். டின் எப்போதும் கவுண்டர் மூலையில் இருக்கும். அன்றைக்கும் ஒரு டின் இருந்தது. அவர் கரண்டியை எடுத்துக்கொண்டு, "ரேடியோ நியூஸ் வந்துருச்சு, வெந்நி போடுங்க" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே மூடியைத் திறந்தார்.

கனி நானா அப்படி ஒரு சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. ஓடி வந்தேன். கரண்டி தரையில் கிடந்தது. மூக்குக்கண்ணாடி ஒரு காதில் தொங்கியது. ஏரம்பமூர்த்தி அங்கிள் பதறாமல் டின்னைத் திருப்பி, சுவர்ப் பக்கம் இருந்த சீட்டைக் காட்டினார்.

"பாகம் இரண்டு" என்றார். "முழுக் கோப்பும் வேணுமெண்டால் ரெண்டு பாகமும் இருக்கோணும். பெரிய பங்கு இதிலதானே?"

நான் உள்ளே ஓடிப்போய் மருந்து அலமாரிக்குப் பின்னால் குந்திக்கொண்டு சிரித்தேன். வயிறு வலித்தது. என் வேலையே போகப் போகிறது, எனக்கு என்ன சிரிப்பு என்று நினைத்தேன். நினைத்ததும் இன்னும் சிரிப்பு வந்தது. கனி நானா அன்றிலிருந்து மைலோவைத் தொடவில்லை.

ஒரு வாரம் கழித்துச் சலேஹா படத்தோடு வந்தாள்.

"மொட்டை ஒண்ணுமே இல்ல. டானிக் குடிக்கல. ஆனா வால் அறுந்தது இருக்கு பாரு, மலை மாதிரி. மாத்திரையும் உள்ள போயிருக்கு. அது உள்ள இருந்தாத்தான் கழிவு இந்தப் பக்கமா இவ்வளவு வரும். இந்த மனுஷன் கீரையாத் திங்கிறாரு ஹமீதா. ஆடு கூட இவ்வளவு தின்னாது லா."

கே சாப்பாடு ஒண்டும் இந்த வீட்டுக்குள்ள வாறதே இல்லை என்று கமலாம்பிகை ஆன்டி சத்தியம் பண்ணியிருந்தார். மாதக் கடைசிக்குப் பத்து நாள்தான் இருந்தது. இனி போனில் பேசிப் பயனில்லை என்று, சாப்பாட்டு நேரம் பார்த்து நேராக ஆயர் ஈத்தாம் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன்.

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டில் சோறு கொஞ்சம்தான். பக்கத்தில் தேங்காய்ப்பாலில் வெந்த முளைக்கீரை ஒரு குவியல், கடுகுக்கீரைப் பிரட்டல் ஒரு குவியல், முருங்கை இலை வறை ஒரு குவியல். கே ஒன்று எண்ணெய்ப் பசையோடு போனால்தான் உடம்பில் நன்றாக ஏறும். இங்கே தேங்காய்ப்பாலில் மிதந்துகொண்டு போயிருக்கிறது.

"அங்கிள்! உங்களுக்குக் கே கூடாதுன்னு டாக்டர் சொல்லலியா?"

"சொன்னவர். ஒரு கே-யும் நான் தொடுறதில்லை. அங்க பாரும்."

குளிர்பெட்டிக் கதவில் தட்டெழுத்தில் அடித்த ஒரு தாள் ஒட்டியிருந்தது. மலாயில், அகரவரிசையில், கோடு போட்டு அடித்திருந்தார். தடை செய்யப்பட்டவை: காச்சாங், காம்பிங், காங்கோங், காரி, கெலாப்பா, கெத்தாம், கிச்சாப், கோபிஸ், கோப்பி, கூவே. அதாவது கடலை, ஆட்டிறைச்சி, ஒரு கீரை, கறி, தேங்காய், நண்டு, சோயாச் சாறு, முட்டைக்கோசு, காப்பி, பலகாரம். எல்லாம் கே எழுத்து. அனுமதிக்கப்பட்டவை என்ற பக்கத்தில் பாயம் இருந்தது, பி எழுத்தில், அதுதான் முளைக்கீரை. மெருங்கை எம் எழுத்தில். எஸ் எழுத்தில் சாவி. நமக்கு அது பூட்டுக்குப் போடுவது, மலாயில் கடுகுக்கீரை. அதற்கு மேலேயே சாந்தான், தேங்காய்ப்பால். தேங்காய்க்குத் தடை, அதைப் பிழிந்த பாலுக்கு அனுமதி!

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"அங்கிள், கே-ன்னா எழுத்து இல்ல..."

"எழுத்தில்லாமல் என்ன? முப்பத்தொரு வருஷம் எனக்கு எழுத்துதான் வேலை. டாக்டர், அவொய்ட் கே எண்டார். கே வரிசை முழுக்க மூடிட்டன்."

"அது ஏன் மலாயில?"

"வேற எதில? இங்கிலீஷ் கோப்பு எல்லாத்தையும் மலாய்க்கு மாத்தச் சொல்லி உத்தரவு வந்தபோது, ஒரு கோப்புத் தவறாமல் மாத்தினது நான்தான். இப்ப எனக்கு வசதி எண்டு பாஷையை மாத்தலாமோ?"

கமலாம்பிகை ஆன்டி அடுப்படி வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றார். "கேளும் பிள்ளை, நல்லாக் கேளும். மூண்டு மாசமா இந்த வீட்டில கோப்பி இல்லை. இங்கிலீஷில அது சி தானே எண்டு கெஞ்சினன். அரசாங்க மொழி எது எண்டு கேக்கிறார். மீன்கறிக்கு 'குலாய்' எண்டு பேர் வச்சு, ஜி எழுத்து எண்டு ஏமாத்தி ரெண்டு நாள் குடுத்தன். அதோட விட்டாரே? என்ர பேரும் கே தானாம். முப்பத்தஞ்சு வருஷமாக் கமலம் எண்டு கூப்பிட்ட மனுசன், இப்ப அம்பிகை எண்டு கூப்பிடுறார். ஏ வரிசையாம்!"

"ஒழுங்கு எண்டால் முழுக்க ஒழுங்கா இருக்கோணும்" என்றார் அவர், கொஞ்சம் குரல் இறங்கி.

நான் சிரிக்க வாயைத் திறந்தேன். கீரையில்தான் கே இருக்கிறது, எழுத்தில் இல்லை என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போனது. மூன்று மாதம் காப்பியில்லாமல், கறியில்லாமல், விரதம் மாதிரி இருந்து, தப்பான கோப்பை மூடி வைத்திருந்த மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவர் எழுந்து, பேனாவை எடுத்துக்கொண்டு குளிர்பெட்டியிடம் போனார்.

"இண்டையிலயிருந்து கீரை எண்டு ஒண்டும் இல்லை. இப்பவே எல்லாத்தையும் அடிக்கிறன்."

"அடிக்காதீங்க!"

பாய்ந்து பேனாவைப் பிடுங்கினேன். சிரிப்பெல்லாம் எங்கோ போய்விட்டது. மூன்று மாத்திரை என்பது கீரை மலைக்கு எதிராக ஏற்றிய அளவு. மலையைத் திடீரென்று எடுத்துவிட்டால் மாத்திரை ஒண்டியாக நின்று ஆடும். உடம்பு கே-யைப் பெட்டியில் பூட்டி வைக்காது; வந்ததை நறுக்கி, ஒட்டி, சில நாளில் அனுப்பிவிடும். அப்புறம் பல் தேய்த்தாலே இரத்தம் நிற்காது. தலைக்குள் கசிந்தால் ஆளே போய்விடுவார். என் வாயாலேயே ஒரு மனிதரை அனுப்பி வைக்க இருந்தேன்.

அங்கிருந்தே டாக்டருக்குப் போன் பண்ணினேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"எழுத்துன்னா நெனச்சாரு?"

"நீங்க எழுத்தத்தான சொன்னீங்க, டாக்டர். கீரைன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா என் வேலைக்கு ஆபத்து வந்திருக்காது."

டாக்டர் இருமினார். மாத்திரையை அன்றே குறைத்தார். கீரையை நிறுத்தக் கூடாது, தினமும் ஒரே அளவு, ஒரு சின்னக் கிண்ணம், கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம் என்றார். ஒன்றுவிட்டு ஒரு நாள் இரத்தம் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். பதினாறு. பத்தொன்பது. இருபத்திரண்டு. ஒவ்வொரு தடவையும் கனி நானா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போவார்.

மாதக் கடைசி நாள். குழாயைச் சாய்க்கிறேன், சாய்க்கிறேன், நூல் வரவில்லை. இருபது தாண்டியது. இருபத்தைந்தில் திரண்டது. இரண்டாவது குழாயும் இருபத்தைந்து.

கனி நானா மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "பட்டர்வொர்த் ஆள வர வேண்டாம்னு நேத்தே சொல்லிட்டேன்" என்றார்.

"மன்னிப்பு எந்த எழுத்துல வரும் நானா?"

அவர் உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு குவளை தே தாரிக், நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர், என் மேசைக்கு வந்தது. அதை நான் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டு குடித்தேன்.

ஏரம்பமூர்த்தி அங்கிள் ரிப்போர்ட்டை வாங்கி, தேதியிலிருந்து என் கையெழுத்து வரை வாசித்தார். கீழே பேனாவால் 'சரிபார்த்தேன்' என்று எழுதித் தானும் கையெழுத்துப் போட்டார். பதினோரு வருஷத்தில் என் ரிப்போர்ட்டுக்குக் கீழே யாரும் அப்படி எழுதியதில்லை. நான் கடிகாரத்தைத் துடைத்துக்கொண்டே, "கே-ன்னா என்னன்னு தெரியுமா அங்கிள்? இரத்தம் உறையறதுக்கு ஜெர்மன் பாஷையில சொல்ற வார்த்த, கோவாகுலாசியோன். அதோட முதல் எழுத்துதான்" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். "இங்கிலீஷில கோவாகுலேஷன். சி."

"ஆமா."

"அப்ப கோப்பை முதலில தப்பான எழுத்தில போட்டது நான் இல்லை!" முகத்தில் மூன்று மாதத்துக்குப் பிறகு வெளிச்சம் வந்தது. "உங்கட போனை ஒருக்காத் தாரும் பிள்ளை."

கவுண்டர் போனில் வீட்டு எண்ணைச் சுழற்றினார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"கமலம், கோப்பி போடு. நான் வாறன்."

ஆன்டியின் குரல் எனக்கே கேட்டது.

"அப்பிடி ஒருத்தரும் இஞ்ச இல்லை. ஏ வரிசையில தேடிப் பாருங்கோ."